மகன் பெயரில் ஒரு வேலை

அத்தியாயம் 11: சாட்சிக்கு ஒரு முகம்

செப்டம்பரிலிருந்து எல்லோரும் அலுவலகத்துக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்ட இடத்தில் போன வாரம் சித்துமாவை விட்டுவிட்டு வந்தோம். அன்றிலிருந்து மனிதருக்குச் சரியான தூக்கம் இல்லை.

எப்படித் தூங்குவார்? அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை சித்துமா என்றொரு ஐம்பத்தாறு வயதுக்காரர் உலகத்திலேயே கிடையாது. சிமியு என்ற இருபத்தெட்டு வயது இளைஞன்தான் அங்கே வேலை பார்க்கிறான். சிமியு அவருடைய மகன். நேர்முகத் தேர்வில் முகம் காட்டியவன் மகன். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பதில்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியவர் அப்பா. வேலை மகன் பெயரில். விரல்கள் அப்பாவுடையவை.

சித்துமா ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் தலை நரைத்தவர். "புது ரத்தம் வேணும்" என்று, ஐம்பதைத் தாண்டிய எல்லோரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் அவருடைய தலையைப் பார்த்தார்கள். தலைக்குள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஓரிடத்தில் வரவேற்பில் இருந்த பெண், "மகனை இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா ஐயா?" என்று அன்பாகவே கேட்டாள். அந்த வார்த்தையிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. அது முதலில் யாருக்குத் தோன்றியது என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

வியாழக்கிழமை காலை. அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; குளிர் டோன்ஹோம் பகுதிக் குடியிருப்புகளின் மேல் ஈரத்துணி போலக் கிடந்தது. நமால்வா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு நின்றபடியே பாடம் சொல்லி, மாலையில் அவள் கால்கள் வீங்கிவிடும். அந்த வீக்கத்தைக் காலையிலேயே நினைத்துக்கொண்டவள் போல மெதுவாகச் செருப்பை மாட்டினாள்.

"சிமியு அப்பா, டீ பிளாஸ்க்ல இருக்கு. மண்டாசி சுட்டு மூடி வச்சிருக்கேன். அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்துட்டு சாப்பிட மறந்துடாதீங்க."

"ம்."

"சனிக்கிழமைக்கு ஆடு சொல்லியாச்சா?"

"மூணும் சொல்லியாச்சு. மச்சாக்கோஸ் சந்தையிலயே ஏத்திக்கலாம்."

மச்சாக்கோஸில் இருக்கிறாள் மும்புவா. சிமியு கட்டிக்கொள்ள நினைக்கும் பெண். சனிக்கிழமை இவர்கள் ஆடுகளோடு போய்ப் பெண் கேட்க வேண்டும். அவள் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிமியு உண்மையில் புருபுருவில் ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறான். "இரும்பு தூக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று அந்த மனிதர் யாரையோ பற்றிச் சொன்னது காதில் விழுந்த நாளில், சிமியு தன்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக்கிக்கொண்டான். மும்புவாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"பையனுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க." நமால்வா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "அப்ப என் முகத்தைப் பாக்காதீங்க. நீங்களும் உங்க பிள்ளையும் சொல்லிக்கங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு தினமும் பாடம் எடுக்கற வாய் இது."

"நான் என்ன ஆசைப்பட்டா செய்யறேன்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

கதவு சாத்திக்கொண்டது. சண்டைகூடப் போட முடியாத அளவுக்கு இருவருமே அலுத்திருந்தார்கள்.

படுக்கையறை மூலையில் ஜன்னலை ஒட்டிய மேசைதான் அவருடைய அலுவலகம். மடிக்கணினியைத் திறந்ததும் ட்ரெவரிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. ட்ரெவர் அவருடைய மேலதிகாரி. வயது முப்பத்தொன்று. எதையும் எழுத மாட்டான், நடந்துகொண்டே பேசி அனுப்புவான்.

"ப்ரோ, குட் மார்னிங். கெண்டி மேடம் விஷயம் இன்னிக்கி முடிச்சிரணும். அவங்க நக்குருவில இருக்கற வீட்டை விட்டு ஆபீசுக்கு வரமாட்டேங்கறாங்க. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, அது இதுன்னு. அதை மட்டும் காரணம் காட்டினா வம்பாயிடும். வேகம் இல்ல, புதுசா கத்துக்க முடியலன்னு கூட வேலை பாக்கற ஒருத்தன் சொல்லணும். மத்தியானம் மீட்டிங்ல நீ ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். தப்பா நினைக்காத ப்ரோ, நல்ல அம்மாதான். ஆனா அந்த வயசுல என்ன கத்துக்கப் போறாங்க? எங்கம்மாவுக்கு போன்ல போட்டோ அனுப்பவே நான்தான் சொல்லித் தரேன்."

சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று:

"அவங்க இடம் உனக்குத்தான். நீ ஆபீசுக்கும் வர வேணாம், வீட்லருந்தே பாரு. அதுக்கு நான் பொறுப்பு."

சித்துமா இரண்டாவது செய்தியை மறுபடி கேட்டார். ஒரு வாரமாக அவர் தேடிக்கொண்டிருந்த கதவு இதுதான். அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்றால் யாருக்கும் முகம் காட்ட வேண்டாம். சனிக்கிழமை மச்சாக்கோஸில் மகன் தலைநிமிர்ந்து உட்காரலாம். வீட்டில் அடுப்பு எரியும்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அதன் வழியே போக வேண்டுமானால் கெண்டியைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி அது. பில் போடும் பகுதியைக் கெண்டியும் 'சிமியு'வும் சேர்ந்து பார்த்தார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மட்டும், ஜிம்முக்குப் போகும் வழியில் மகன் வந்து உட்கார்ந்து, கேமராவைப் போடாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். மற்றதெல்லாம் எழுத்தில் நடக்கும். ஆனால் சில சிக்கல்களை எழுதி மாளாது. அப்போது சித்துமா கெண்டியிடம் போனில் பேசுவார், குரலைத் தணித்து, தொண்டை கட்டியவர் போல. கெண்டிக்கு அவர் தம்பி. அவருக்கு அவள் மேடம்.

'பார்க்கிறேன்' என்று ட்ரெவருக்கு எழுதி அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கெண்டியே கூப்பிட்டாள்.

"தம்பி, டீ குடிச்சியா?"

"குடிச்சிட்டேன் மேடம்." குடிக்கவில்லை.

"இன்னிக்கி எனக்கு விசாரணை. சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"யாரோ ஒருத்தர் எனக்கு எதிராச் சொல்லப் போறாங்களாம். யாருன்னு சொல்லல. எனக்கு அதுகூட பயமில்ல தம்பி. மெதுவாப் பண்றேன்னு சொல்வாங்க. ஆமா, மெதுவாத்தான் பண்றேன். ஆஸ்பத்திரி பில்லு. நாம தப்புப் பண்ணினா படுத்திருக்கறவன் தலையிலதான விடியும்? ரெண்டு தடவ பாக்கறேன்."

"தெரியும் மேடம்."

"என் பயம் வேற. அவங்க சொல்றதை நானே நம்பிடுவேனோன்னு பயம். நேத்து ஒரு பாஸ்வேர்டு மறந்துச்சு. உடனே உள்ளருந்து ஒரு குரல், பாத்தியா கெண்டி, அவங்க சொன்னது சரிதான்னு. அந்தக் குரல்தான் என்னை வேலைய விட்டு அனுப்பப் போகுது. ட்ரெவர் இல்ல."

சித்துமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். வங்கியிலிருந்து வந்த பிறகு பல மாதம் அது அவரோடுதான் குடியிருந்தது.

"எல்லாருக்கும் மறக்கும் மேடம். எனக்கும் மறக்குது."

"உனக்கென்னப்பா வயசு, மறக்கறதுக்கு?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் நீடித்ததாக அவருக்குத் தோன்றியது. உள்ளே அவள் கணவர் இருமும் சத்தம் கேட்டது. "சரி, வைக்கறேன். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும்."

மதியம் சிமியு வந்தான். தையல்காரரிடமிருந்து வாங்கிய புதுக் கோட்டு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா உகாலிக் களியையும் சுகுமா கீரையையும் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டான். சித்துமா மறைக்காமல் சொன்னார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" சிமியு சுவரில் சாய்ந்துகொண்டான். "அந்தம்மா எப்படியும் போகப் போறவங்க. நீங்க சொன்னாலும் போவாங்க, சொல்லாட்டியும் போவாங்க."

"நான் சொல்லி ஏன் போகணும்?"

"உங்களுக்கு வேலை நிக்கணும்ல."

"என்னை அனுப்பினவங்களும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. இவர் எப்படியும் போகப் போறவர்தானேன்னு."

சிமியு கோட்டைக் கட்டிலின் மேல் கசங்காமல் வைத்தான்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. என் பேரை உங்களுக்குக் குடுத்துட்டு நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? மும்புவா ஆசையா, இன்னிக்கி வேலைல என்ன பண்ணினேன்னு கேக்கறா. நான் முழிக்கறேன். யாராவது சிமியுன்னு கூப்பிட்டா, என்னையா உங்களையான்னு ஒரு நிமிஷம் தடுமாறுது. நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்கறேன். சனிக்கிழமை தாண்டட்டும்."

"பேரை நீ எனக்குக் குடுத்தே. அந்தப் பேரை உனக்கு வச்சதே நான்தானேடா."

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது திரையில் கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு வரி வந்து நின்றது. சாட்சி சொல்பவர் கேமராவைப் போட்டுக்கொண்டு முகம் தெரியப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது.

அப்பாவும் மகனும் அந்த வரியைச் சேர்ந்தே படித்தார்கள்.

"தள்ளுங்க," என்றான் சிமியு. "நான் உக்கார்றேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

அந்த நேரத்தில் சித்துமாவுக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கமும் அல்ல. ஆறுதல். தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல். எழுந்து நாற்காலியை மகனுக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு அவரை வெகுநேரம் அரித்தது அதுதான்.

சிமியு மேலே புதுக் கோட்டும் கீழே ஜிம் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்தான். கேமராவுக்குத் தெரியாதபடி சித்துமா கட்டில் விளிம்பில் அமர்ந்தார். மகனுடைய முழங்காலும் அவருடைய முழங்காலும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன.

திரையில் மற்ற மூவரும் வந்தார்கள். கண்ணாடி அறையில் ட்ரெவர். காதில் ஹெட்செட் மாட்டிய ஃபெயித், மனிதவள அதிகாரி. அவளும் சின்னப் பெண்தான், காலையிலிருந்து இதே வேலையாக இருந்திருப்பாள் போல, முகம் வாடியிருந்தது. பிறகு கெண்டி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்தும் கத்திரிப்பூ நிற உடை. தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் கட்டில் இருக்கும் என்று சித்துமாவுக்குத் தெரியும்.

ஃபெயித் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். ட்ரெவர் முன்னால் நகர்ந்தான்.

"சிமியு, நீ கூட வேலை பாக்கறவன். மனசுல பட்டதைச் சொல்லு."

கெண்டியின் முகத்தில் ஏதோ அசைந்தது. சாட்சி யார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"கெண்டி மேடம் நல்லவங்க," என்று ஆரம்பித்தான் சிமியு. "ஆனா வேகம் பத்தல. ஒரு விஷயத்தை ரெண்டு மூணு தடவ சொல்ல வேண்டியிருக்கு. புதுசா எதைச் சொன்னாலும் ஏறல." கொஞ்சம் நிறுத்தினான். அந்த மௌனத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும் போல அவனுக்கு இருந்திருக்க வேண்டும். "அந்த வயசுக்கு மேல யாருக்கும் ஏறாதுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி ட்ரெவர் கேட்கவில்லை. அவனாகவே சேர்த்துக்கொண்டது.

சித்துமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதுக்கு நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள் ஃபெயித்.

கெண்டி திரையில் தெரிந்த இளம் முகத்தை உற்றுப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள் அல்லவா.

"காலைல உன்கிட்ட ஒரு பயத்தைச் சொன்னேனே தம்பி. ஞாபகம் இருக்கா?"

சிமியுவின் கண்கள் தன்னையறியாமல் பக்கவாட்டில் அப்பாவிடம் போய்த் திரும்பின. "இருக்கு மேடம்."

"என்ன சொன்னேன்?"

சிமியு புதுக் கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்?" என்றான் ட்ரெவர். "விஷயத்துக்கு வாங்க."

சிமியுவின் பார்வை போன திசையைக் கெண்டி பார்த்துவிட்டாள். இன்னும் ஒரு கேள்வி, அதே மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். சாட்சியே போலி என்று அங்கேயே உடைந்திருக்கும். அவள் தப்பித்திருப்பாள். கேட்கப் போகிறாள் என்றுதான் சித்துமா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்கவில்லை.

"விடுங்க. பிள்ளையைக் கேள்வி கேட்டு என்ன ஆகப் போகுது? இது அவரோட வார்த்தைதான்னா எழுதிக்கங்க. எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல."

அவரோட.

ஏழு மாதமாக 'நீ', 'வா', 'போ' என்று தம்பியாகப் பேசியவள் 'அவரோட' என்கிறாள். ட்ரெவர் அதைக் கவனிக்கவில்லை, ஃபெயித் கவனிக்கவில்லை. சித்துமாவுக்குக் காதில் அறைந்தது போல் இருந்தது. அவளுக்குத் தெரியும், இத்தனை நாள் தன்னோடு பேசியது இந்தப் பிள்ளை அல்ல என்று. தெரிந்துகொண்டேதான் விடுகிறாள்.

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"தள்ளிக்க சிமியு."

"அப்பா, வேண்டாம்..."

"தள்ளிக்கப்பா."

மகன் தோளுக்கு மேலாகக் குனிந்தார். நரைத்த தலையும் மூக்கு நுனிக்கு வழுக்கிய கண்ணாடியுமாக அவருடைய முகம் அந்தச் சின்னச் சதுரத்துக்குள், மகன் முகத்தை ஒட்டி வந்து நின்றது. தன்னையே திரையில் பார்த்தபோது, இவ்வளவு களைத்துப் போயிருக்கிறோமா என்று அவருக்கே தோன்றியது.

"யாருங்க நீங்க?" என்றான் ட்ரெவர்.

"சித்துமா. இவனோட அப்பா. ஏழு மாசமா நீங்க ப்ரோன்னு கூப்பிட்டது என்னைத்தான்."

ஃபெயித் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இவன் சொன்னது எதுவும் இவனுக்குத் தெரிஞ்ச விஷயமில்ல. கெண்டி மேடம் கூட வேலை பாத்தது நான். அவங்க ரெண்டு தடவ பாக்கறது மறதியால இல்ல. நான் அவசரத்துல விட்ட தப்பை அவங்க பலதடவை பிடிச்சுக் குடுத்திருக்காங்க. நான் அதை வெளியே சொல்லல. வேகமா முடிச்சிட்டேன்னு நீங்க என்னைத்தான் பாராட்டுனீங்க. நான் வாங்கிக்கிட்டேன்."

"இது ஏமாத்து வேலை," என்றான் ட்ரெவர். அவனுக்கும் மேலே ஒருவர் இருப்பார் அல்லவா, அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் முகத்தில் ஓடியது. "இது கிரிமினல் கேஸ். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். எனக்கு வயசு ஐம்பத்தாறு. அதைச் சொல்லிட்டு வேலை கேட்டுப் பாத்தேன். அப்பவும் யாரும் தரல."

ட்ரெவரின் சதுரம் கறுத்தது. பிறகு மற்றவையும்.

கம்பெனியின் கணினிக்குள் நுழையும் வழி அரைமணி நேரத்தில் பூட்டப்பட்டது. ட்ரெவரிடமிருந்து கடைசியாக ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது. இந்த முறை நடந்துகொண்டு பேசவில்லை.

"இந்த வேலை சிமியு பேர்ல இருக்கு. போலீசுன்னு போனா மாட்டப் போறது சிமியுதான். இனிமே இந்தப் பக்கம் யாரும் வராதீங்க, யாருகிட்டயும் பேசாதீங்க. நாங்களும் விட்டுடறோம்."

சிமியு கோட்டைக் கழற்றி, பழைய மடிப்புகளிலேயே திரும்ப மடித்தான். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை வரைக்கும்னுதானே கேட்டேன்."

"கேட்ட."

"அந்தக் கடைசி வார்த்தை... நான் உங்களை நினைச்சுச் சொல்லல அப்பா."

"தெரியும். நினைச்சிருந்தா சொல்லியிருக்க மாட்ட."

மகன் எழுந்து போனான். வாசலில் ஷூ மாட்டும் சத்தம் கேட்டது. எங்கே போகிறாய் என்று கேட்கும் உரிமை இன்று தனக்கு இருக்கிறதா என்று சித்துமா யோசித்து முடிப்பதற்குள் அவன் படி இறங்கியிருந்தான்.

நமால்வா வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கேட்டாள். சித்துமா சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டாள்.

"இத்தனை நாள் எனக்கு இதுதான் வேணும்னு இருந்துச்சு," என்றாள். "யாராவது இதை உடைச்சா நிம்மதியா இருக்கும்னு. இப்ப உடைஞ்சிருச்சு. நிம்மதி எங்கன்னு தேடிட்டு இருக்கேன்."

"என்னைத் திட்டு."

"திட்டறதுக்குத் தெம்பு வேணும். பையன் எங்க?"

அவளுடைய போன்தான் பதில் சொன்னது. சிமியு எழுதியிருந்தான்: 'மச்சாக்கோஸ் வண்டியில இருக்கேன். மும்புவாகிட்ட நானே சொல்லிடறேன். அவ அப்பாகிட்டயும். போன் பண்ணாதீங்க.'

அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள். அவர் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"ஆட்டை என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"ஆட்டுக்கு ரெண்டு நாள் ஆயுசு கூடுது. அதுங்களாவது சந்தோஷமா இருக்கட்டும்."

அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கும்போது கெண்டி கூப்பிட்டாள்.

"தம்பின்னு கூப்பிடறதா, அண்ணன்னு கூப்பிடறதா?"

இனி குரலைத் தணிக்கத் தேவையில்லை என்பது சித்துமாவுக்குப் பழகவில்லை. "உங்களுக்கு ஐம்பத்தேழு. எனக்கு ஒரு வயசு மூத்தவங்க. தம்பியே இருக்கட்டும்."

"நன்றி சொல்லக் கூப்பிடல." அவள் குரலில் ஈரமே இல்லை. "நீங்க போனப்புறம் என்னை வேற மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க. இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டாங்க. சந்தேகம் இருந்துச்சுன்னு சொன்னேன். பொய் சொல்ல வரல. இப்ப நான் மெதுவான கிழவி இல்ல. திருட்டுக்குத் துணை போனவ. நீங்க பேசாம இருந்திருந்தா, ஏதோ குடுக்கறதைக் குடுத்துக் கௌரவமா அனுப்பியிருப்பாங்க. இப்ப அதுவும் இல்ல."

சித்துமா நல்லது செய்துவிட்டதாக மதியத்திலிருந்து மனதின் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்த சின்னப் பெருமையும் அணைந்தது.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ரெண்டாவது வாரமே. திங்கக்கிழமை ஒரு குரல், மத்த நாள் ஒரு குரல். அதுவும் போகட்டும். நாற்காலியை விட்டு எந்திரிக்கறப்ப 'அப்பாடா, ஆண்டவரே'ன்னு எந்த இருபத்தெட்டு வயசுப் பையன் சொல்வான்?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க போயிடுவீங்க. எனக்கு அங்க பேசறதுக்கு வேற யார் இருந்தா?"

பிறகு அவள் குரல் மாறியது.

"திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. வெஸ்ட்லாண்ட்ஸ் ஆபீசுக்கு. அந்த ஃபெயித் பொண்ணு தனியா போன் பண்ணிச் சொல்லுச்சு, கூட வேலை பாக்கற ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டு வரச் சட்டத்துல இடம் இருக்காம். எனக்குக் கூட வேலை பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

"என்னை வாசல்லயே நிறுத்துவாங்க கெண்டி. இந்த ஆள் இங்க வேலையே பாக்கலன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். வேலையே பாக்காத ஆளோட நான் எப்படிக் கூட்டு சேர்ந்தேன்னு கேப்பேன். பாத்தார்னு சொன்னா, பாத்த வேலைக்கு என்ன குறைன்னு கேப்பேன். நான் மெதுவாத்தான் யோசிப்பேன். ஆனா யோசிப்பேன்." உள்ளே கணவர் கூப்பிடுவது கேட்டது. "வர்றீங்களா?"

ட்ரெவரின் குரல் அவர் நினைவுக்கு வந்தது. மாட்டப் போறது சிமியுதான். மகன் இந்நேரம் மச்சாக்கோஸில் இறங்கியிருப்பான். எந்த வீட்டு வாசலில், எந்த முகத்தோடு நிற்கிறானோ. அவனிடம் கேட்காமல் இதற்கும் ஆமாம் சொல்வதா? கேட்கலாம் என்றால் போன் அணைந்து கிடக்கிறது.

போனைக் கையால் மூடிக்கொண்டு நமால்வாவைப் பார்த்தார். அவள் பாதிப் பேச்சைக் கேட்டே முழுவதையும் புரிந்துகொண்டிருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றாள்.

"என்ன சொல்லட்டும்?"

"என்னைக் கேட்டா இதெல்லாம் ஆரம்பிச்சீங்க?" என்றாள் நமால்வா. கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வெளிய கிளம்பி ஒரு ஆபீஸ் படியேறி எத்தனை நாளாச்சு?" என்றாள்.

சித்துமா போனைக் காதில் வைத்தார். கெண்டி இன்னும் காத்திருந்தாள். அவள் மூச்சுச் சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.